கைவிடப்பட்ட பொறியும் அதைக் கைக்கொண்டோரும்

இரவு வேளையில் வானொலிப் பெட்டியின் குமிழைச் சிற்றலை வரிசையில் மெல்லத் திருப்பிப் பழகிய நேயர்கள், இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு விந்தையான ஒலியைக் கேட்டிருப்பர். அது பேச்சன்று, இசையுமன்று, மோர்ஸ் தந்தியின் குற்றொலியும் நெட்டொலியும் அன்று. ஒன்று சற்றுத் தாழ்ந்தும் மற்றொன்று சற்று உயர்ந்தும் உள்ள இரு சுரங்கள், ஒன்றையொன்று துரத்துவன போல ஓயாது மாறி மாறி ஒலிக்கும். பலர் அதனை இடையூறென்று எண்ணிக் குமிழை அப்பால் திருப்பியிருப்பர். ஆயின் அது இடையூறன்று, எழுத்து. எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் தட்டச்சுப் பலகையில் விரல் வைக்க, வேறொரு தேசத்தில் ஆளில்லாத அறையிலேகூட ஒரு பொறி அவ்வெழுத்தைத் தானாகவே காகிதத்திற் பதித்துக்கொண்டிருந்தது. வானொலித் தொலையச்சு என்பது அதன் பெயர். ரேடியோ டெலிடைப் என்று உலகம் அதனை அழைத்தது.

பெரிய கம்பனிகளும் அரசுகளும் பெரும் பொருள் செலவிட்டு வளர்த்த கலை இது. ஆயினும் அவர்கள் இதனைக் கைவிட்டபோது ஏந்திக்கொண்டவர்கள், ஊதியம் எதுவும் பெறாத அமெச்சூர் வானொலியாளர்களே. பயன் தீர்ந்ததென்று ஒதுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு இரண்டாம் வாழ்வு எவ்வாறு கிடைக்கிறது என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்று.

இதன் வேரைத் தேடிச் சென்றால் பிரான்சு நாட்டின் ஓர் உழவர் குடும்பத்தை அடைவோம். 1845 ஆம் ஆண்டிற் பிறந்த எமில் போடோ, ஊரிலிருந்த ஆரம்பப் பாடசாலைக்கு அப்பால் முறையான கல்வி பெற்றவரல்லர். தந்தையாரின் நிலத்தில் உழைத்துவந்த அவர் 1869 இல் தந்திச் சேவையிற் பயிலுநராகச் சேர்ந்தார். அங்கு வழங்கிய மோர்ஸ் குறியீட்டில் ஓர் எழுத்துக்கு ஒரே குற்றொலி. மற்றோர் எழுத்துக்கு நான்கு ஒலிகள். மனிதரின் செவிக்கு இது பொருந்தும். பொறிக்கோ, ஓர் எழுத்து எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று அறிவதே பெரும்பாடு. எனவே போடோ எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம் வகுத்தார். ஒவ்வோர் எழுத்தும் ஐந்து அலகு. ஒவ்வோர் அலகும் ஒன்றில் உண்டு, அல்லது இல்லை. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் முப்பத்திரண்டு. ஆக, முப்பத்திரண்டு குறிகள் கிடைத்தன. 1874 இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

முப்பத்திரண்டு குறிகள் ரோமன் எழுத்து இருபத்தாறுக்குப் போதும், எண்களுக்கு இடமில்லை. ஆகவே ஒரு குறி ‘இனி வருவன எழுத்துகள்’ என்றும், மற்றொரு குறி ‘இனி வருவன எண்கள்’ என்றும் பொறிக்கு அறிவிக்கும்படி அமைத்தனர். அதனால் ஒரே குறி இரு பொருள் தரலாயிற்று. நமது தமிழின் 247 எழுத்துகளுக்கும் இவ்வாறு தனித்தனிக் குறி வகுப்பதாயின் ஐந்து அலகு போதாது. எட்டு அலகு வேண்டும். ஐந்தலகுத் திட்டத்தின் சிக்கனமும் அதன் குறுக்கமும் இதனால் விளங்கும்.

அக்காலத்துத் தந்தியாளர் ஐந்து கட்டைகளை இடக்கையின் இரு விரலாலும் வலக்கையின் மூவிரலாலும் ஆர்மோனியம் வாசிப்பவர் போல அழுத்தினர். பொறி கொடுக்கும் தாளத்துக்கு விரல்கள் பிசகாது இசைய வேண்டும். இத்துன்பத்தை நீக்கியவர் நியூசிலாந்திற் பிறந்த பத்திரிகையாளர் டொனால்ட் மரே என்பார். 1901 அளவில் அவர் ஐந்து கட்டைக்குப் பதிலாகத் தட்டச்சுப் பலகையை வைத்தார். அன்றியும், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் காகித நாடாவில் மிகக் குறைந்த துளை விழும்படி குறிகளை மாற்றியமைத்தார். ‘ஈ’ என்ற எழுத்துக்கு ஒரே துளை. ‘ரீ’ என்ற எழுத்துக்கும் ஒரே துளை. பொறியின் தேய்மானம் குறைய வேண்டும் என்ற கைவினைஞனின் கருத்து அது. இம்மாற்றத்தின் வழிவந்த திட்டமே பின்னர் சர்வதேசத் தந்தி எழுத்து இரண்டாம் இலக்கம் எனப் பெயர் பெற்றது.

எஞ்சிய தடை தாளம். அனுப்பும் பொறியும் பெறும் பொறியும் இம்மியும் பிசகாது ஒத்துச் சுழல்வது எங்ஙனம்? சிக்காகோ நகரில் உப்பு வணிகம் செய்த ஜோய் மோட்டன் பொருளுதவி புரிய, சார்ள்ஸ் க்ரம், அவர் மகன் ஹவார்ட் க்ரம் ஆகிய இருவரும் இதற்கு விடை கண்டனர். ஒவ்வோர் எழுத்துக்கும் முன் ‘தொடங்கு’ என ஒரு துடிப்பு. பின் ‘நில்’ என ஒரு துடிப்பு. பொறிகள் நாள் முழுதும் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்தின் அளவுக்கு ஒத்திருந்தாற் போதும். அடுத்த எழுத்துக்குப் புதிதாகத் தொடங்கலாம். அமெரிக்க வழக்கில் ஓர் அலகு செக்கனின் ஆயிரத்தில் 22 பங்கு. நிறுத்தத் துடிப்பு 31 பங்கு. தொடக்கம், ஐந்தலகு, நிறுத்தம் எல்லாம் கூட்டினால் ஓர் எழுத்துக்கு ஆயிரத்தில் 163 பங்கு. செக்கனுக்கு ஏறக்குறைய ஆறு எழுத்து. நிமிடத்துக்கு அறுபது சொல். மோட்டன், க்ரம் ஆகியோரின் நிறுவனமே வளர்ந்து 1928 இல் டெலிடைப் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது. செய்தி நிறுவனங்களிலும் பத்திரிகைக் காரியாலயங்களிலும் இரவு பகலாகக் கடகடவென்று ஒலித்த பொறிகள் இவ்வழி வந்தவையே.

இவையெல்லாம் கம்பியிற் சென்றவை. கம்பியை விட்டு வானிலேறுவது எளிதாக இருக்கவில்லை. 1922 இல் அமெரிக்கக் கடற்படை ஆகாய விமானத்துக்கும் தரை நிலையத்துக்கும் இடையே இதனைச் சோதித்தது. மோர்ஸ் முறையில் அலையை விட்டு விட்டு அனுப்பினால், அலை இல்லாத இடைவெளியிலே இடியும் மின்னலும் எழுப்பும் இரைச்சல் புகுந்துவிடும். செவியுள்ள மனிதன் இரைச்சலை ஒதுக்கிக் குறியைக் கொள்வான். பொறியோ இரைச்சலையும் எழுத்தென்று எண்ணி அச்சடித்துவிடும். இதற்குக் கண்ட பரிகாரம் மீடிறனைப் பெயர்த்தல். மீடிறன் என்பது செக்கனுக்கு நிகழும் அலைவின் எண்ணிக்கை. அலையை ஒருபோதும் நிறுத்தாது, ‘உண்டு’ என்பதற்கு ஒரு மீடிறனும் ‘இல்லை’ என்பதற்குச் சற்று வேறான ஒரு மீடிறனும் கொடுத்தனர். மௌனமே இல்லாதபடியால் இரைச்சல் புகுவதற்கு இடம் குறைந்தது. சிற்றலையிற் கேட்கும் இரு சுரங்கள் இவையே.

இரண்டாம் உலகப் போரில் இம்முறை நாடுகளின் விதியோடு பிணைந்தது. ஜேர்மனியரின் உயர் சேனைத் தலைமைகள் ஐந்தலகு எழுத்தை லோரென்ஸ் என்னும் மறைபொறி வாயிலாகக் குழப்பி வானொலியில் அனுப்பின. 1941 ஓகஸ்ட் 30 இல் ஏதென்சிலிருந்து வியன்னாவுக்கு ஏறத்தாழ நாலாயிரம் எழுத்துள்ள ஒரு செய்தி சென்றது. அது சரியாக வந்து சேரவில்லை. மீண்டும் அனுப்புமாறு வியன்னா கேட்டது. அனுப்பியவர் பொறியின் அமைப்பை மாற்றாமலே மறுபடியும் தட்டினார். சலிப்பினாற் சில சொற்களைச் சுருக்கியும் தட்டினார். ஒரே திறவுகோலில் இருவேறு செய்தி! இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஜோன் டில்ட்மன் அவ்விரண்டையும் பிரித்தெடுத்தார். பில் டட் என்ற இளைஞர், கண்ணாற் காணாத அப்பொறியின் உள்ளமைப்பைக் கணிதத்தால் மட்டும் கண்டறிந்தார். அஞ்சல் திணைக்களப் பொறியியலாளர் டொமி ஃபிளவர்ஸ் அமைத்த கொலோசஸ் என்ற மின்னணுக் கணிப்பொறி 1944 இல் அங்கு இயங்கத் தொடங்கியது. செக்கனுக்கு ஐயாயிரம் எழுத்து வேகத்தில் அது வாசித்ததும் ஐந்து துளைக் காகித நாடாவே. ஒரு தந்தியாளரின் ஒரு நாட் சலிப்பு எத்துணைப் பெரிய விளைவைத் தந்தது என்பது எண்ணத்தக்கது.

போர் முடிந்தது. புதிய பொறிகள் வரப் பழையவை களஞ்சியங்களில் ஒதுக்கப்பட்டன. அமெரிக்காவில் தந்தி, தொலைபேசி நிறுவனங்கள் அவற்றிற் சிலவற்றை ஒரு நிபந்தனையோடு அமெச்சூர் வானொலியாளருக்குக் கொடுத்தன. மீண்டும் வணிகச் சேவைக்கு அவை வரலாகாது என்பதே அந்நிபந்தனை. பொறி என்றால் மேசையில் வைத்துக் கையில் எடுத்துச் செல்லும் தட்டச்சுப்பொறி அன்று. இரும்பும் எண்ணெயும் கலந்த பெருஞ்சுமை. அது வேலை செய்யும்போது வீடு முழுவதும் அதிரும். அதனை வீட்டின் ஒரு மூலைக்குக் கொண்டுவர மனைவியரின் சம்மதம் வேண்டியிருந்ததும் இயல்பே.

1946 மே மாதத்தில் நியூயோர்க் நகரின் புரூக்ளினிலிருந்த ஓர் ஆர்வலரும் வூட்சைட்டிலிருந்த மற்றோர் ஆர்வலரும் இரண்டு மீற்றர் அலைவரிசையில் ஒருவருக்கொருவர் அச்சிலேயே உரையாடினர். பதிவிலுள்ள முதல் அமெச்சூர் தொலையச்சு உரையாடல் அதுவே. மூன்றாண்டு செல்லுமுன், 1949 பெப்ரவரி முதலாந் தேதி, அமெரிக்காவின் கீழ்க்கரை நிலையமும் மேற்கரை நிலையமும் பதினொரு மீற்றர் அலைவரிசையிற் பிழையற்ற அச்சில் வாழ்த்துப் பரிமாறிக்கொண்டன.

ஆயின் நெடுந்தூரம் செல்லும் சிற்றலைகளில் மீடிறனைப் பெயர்த்தனுப்பச் சட்டம் இடந்தரவில்லை. அலையை விட்டு விட்டு அனுப்பும் பழைய முறையே அங்கு அனுமதிக்கப்பட்டது. ஆர்வலர் சட்டத்தை மீறவில்லை, விண்ணப்பம் செய்தனர், சஞ்சிகைகளில் எழுதினர், காத்திருந்தனர். 1953 பெப்ரவரியில் அமெரிக்கத் தொடர்பு ஆணைக்குழு 80, 40, 20 மீற்றர் வரிசைகளில் அனுமதி வழங்கியது. இரு சுரத்துக்கும் இடையே செக்கனுக்கு 850 அலைவு வேறுபாடு இருத்தல் வேண்டும்; வேகம் நிமிடத்துக்கு அறுபது சொல்; நிலையத்தின் பெயரை மோர்ஸ் குறியிலும் அறிவித்தல் வேண்டும். இவை விதிகள். அவ்வாண்டு ஒக்டோபர் முடிவில் நடந்த முதற் போட்டியிற் பங்கு கொண்டவர் இருபத்தொன்பது பேர். 1956 இல் 900 அலைவுக்குக் குறைந்த எந்த வேறுபாட்டையும் கையாளலாம் என்று விதி தளர்ந்தது. காலப்போக்கில் 170 அலைவு வழக்கமாயிற்று. இடைவெளி குறுகினால் வடிகட்டியும் குறுகலாம்; குறுகிய வாயிலிற் புகும் இரைச்சலும் குறைவு. பெரியதைச் சிறிதாக்கிப் பயன்பெறும் இச்சிக்கனம் ஆர்வலர்க்கு இயல்பானது.

ஆர்வலர் ஒருவரின் அறையில் இவ்வேலை நடந்த முறையை அறிவதும் நலம். வானலை வாங்கியிலிருந்து இரு சுரம் வரும். அவற்றை வடிகட்டிகள் பிரித்து, ஒரு சுரத்துக்கு மின்னோட்டத்தை ஓடவிடும், மறுசுரத்துக்கு நிறுத்தும். ஆயிரத்தில் 60 பங்கு அம்பியர் அளவான அவ்வோட்டம் பொறியின் மின்காந்தத்தை இழுத்து விடும். நெம்புகோல்கள் அசைந்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கும். சுரம் சேர்ப்பதற்கு ஒளித்திரைக் குழாயை வைத்திருந்தவர்கள், இரு நீள்வட்டங்கள் குறுக்கே வெட்டிக் கூட்டற்குறி போலத் தோன்றும் வரையும் குமிழைத் திருப்பினர். சுரங்களைத் தலைகீழாக வாங்கிவிட்டால் ‘உண்டு’ இல்லையாகி, ‘இல்லை’ உண்டாகி, பொறி பொருளற்ற எழுத்துகளைக் கொட்டும்.

சோதனைக்கு அவர்கள் ‘ஆர்’, ‘வை’ என்ற இரு எழுத்தையும் மாறி மாறி அனுப்பினர். இதற்குக் காரணம் உண்டு. ‘ஆர்’ எழுத்தில் இரண்டாம், நான்காம் அலகுகள் உள்ளன. ‘வை’ எழுத்தில் முதலாம், மூன்றாம், ஐந்தாம் அலகுகள் உள்ளன. ஒன்றில் இல்லாதது மற்றதில் உண்டு. இவ்விரண்டும் பிழையின்றி அச்சானால் பொறி நன்றாக இயங்குகிறது என்று கொள்ளலாம். அனுப்பும் கருவிக்கும் இது கடுஞ்சோதனையே. பேச்சில் மூச்சுவிடும் இடைவெளி உண்டு. தொலையச்சில் அலை ஒருகணமும் ஓய்வதில்லை. வலுவைக் குறைத்துக்கொள்ளாதவரின் கருவி சூடேறிக் கெடும். ஆகவே அடக்கமும் இக்கலையின் ஒரு பாடமாயிற்று.

பிரித்தானியாவில் குரொய்டன் நகரத்துக் கிரீட் நிறுவனத்தின் பழைய பொறிகள் ஆர்வலர் கைக்கு வந்தன. 1959 இல் பிரித்தானிய அமெச்சூர் வானொலித் தொலையச்சுக் குழு தோன்றியது. ஐரோப்பியப் பொறி அமெரிக்கப் பொறியினும் சற்று விரைவானது. அதன் ஓர் அலகு ஆயிரத்தில் 20 பங்கு. அத்திலாந்திக்கின் அப்பாலுள்ளவரோடு பேச வேண்டுமாயின் மோட்டரின் வேகத்தைக் குறைத்துத் தாளம் ஒத்துக்கொள்ள வேண்டும். மொழி ஒன்றாயிருந்தும் தாளம் வேறாயிருந்தால் உரையாடல் இல்லை என்பதை அவர்கள் இவ்வாறு கற்றனர்.

சிலர் குறித்த ஓர் அலையில் பொறியை விழித்திருக்கச் செய்துவிட்டுத் தொழிலுக்குச் சென்றனர். மாலையில் வந்து பார்த்தால் நண்பரின் கடிதம் காகிதத்திற் காத்திருக்கும். வேறு சிலர் எழுத்துகளை நெருக்கியும் தளர்த்தியும் அடித்துச் சித்திரம் வரைந்தனர். அதனை நாடாவிற் துளையிட்டு வைத்து, நத்தார் காலத்தில் நாடு கடந்து அனுப்பினர்.

இம்முறைக்குப் பெருங்குறை ஒன்றுண்டு. இதில் வந்த எழுத்து சரியோ பிழையோ என்று சோதிக்க வழியில்லை. ஐந்தில் ஓர் அலகு மங்கினால் வேறோர் எழுத்து அச்சாகிவிடும். ‘இனி எண்கள்’ என்ற குறி வழியில் அழிந்தால் எண்ணெல்லாம் எழுத்தாக மாறும். ஒலி நன்கு கேட்கிறது என்பதற்கு அனுப்பப்படும் 599 என்ற எண், அவ்வாறு மாறும்போது ‘ரீ, ஓ, ஓ’ என்று பதிவாகும். பழகிய ஆர்வலர் அதைக் கண்டு மயங்குவதில்லை. ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று வாசித்து மேலே செல்வார். சிதைந்த ஏட்டைப் படிக்கும் பண்டிதர் விடுபட்ட சீரை ஊகித்து நிரப்புவது போல, வானிற் சிதைந்த வரியை அவர் நிரப்பினார். பொறி எழுதியது உண்மை. ஆயின் பொருள் கண்டது மனிதனே.

பின்னர் மின்னணுக் காலம் வந்தது. 1970 களின் இறுதியில் பிரித்தானியரான பீற்றர் மாட்டினெஸ், பிழையைத் தானே கண்டு மீண்டும் கேட்டு வாங்கும் அம்ரோர் என்ற முறையை ஆர்வலர்க்காக வகுத்தார். 1980 இல் அமெரிக்க ஆர்வலர்க்குக் கணினியின் ஏழலகு எழுத்துக்கும் அனுமதி கிடைத்தது. வீட்டுக் கணினி வந்ததும் இரும்புப் பொறிகள் மௌனமாயின. கடகடவென்ற ஓசையும் எண்ணெய் வாசனையும் போயின. 1998 இல் மாட்டினெசே மிகக் குறுகிய இடத்தில் அடங்கும் பி.எஸ்.கே. 31 என்ற முறையைத் தந்தார். 2017 இல், பௌதிகத்துக்கு நோபெல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் எஃப்.டி. 8 என்ற முறையை வெளியிட்டனர். இரைச்சலில் அமிழ்ந்து செவிக்கே எட்டாத குறியைக்கூட அது மீட்டெடுக்கிறது.

இத்தனை வந்த பின்னும் பழைய ஐந்தலகு எழுத்து மறையவில்லை என்பதே வியப்பு. இன்று கணினியே இரு சுரங்களையும் எழுப்புகிறது. கணினியே கேட்டு எழுத்தாக்குகிறது. ஆயினும் ஓர் அலகின் நீளம் அதே ஆயிரத்தில் 22 பங்கு. ‘நில்’ என்ற துடிப்பும் உண்டு. நிற்பதற்கு இரும்புச் சக்கரம் எதுவும் இல்லாத இடத்திலும், சக்கரத்துக்காக வகுத்த ஓய்வு காக்கப்படுகிறது. 1987 இல் தொடங்கிய உலகளாவிய தொலையச்சுப் போட்டியில் பல தேசத்தவரும் ஆண்டுதோறும் இம்முறையிலேயே ஒருவரையொருவர் அழைக்கின்றனர்.

இதனை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிடுதல் எளிது. புதிய முறைகளின் சிறப்பை ஆர்வலர் மறுப்பவரல்லர். அவற்றை ஆக்கியவரும் அவர்களுள் உள்ளவரே. ஆனால் புதிய முறையிற் கணினியும் கணினியும் பெரும்பாலும் வகுத்துவைத்த சில சொற்களையே மாற்றிக்கொள்கின்றன. பழைய முறையில், தட்டுபவர் நினைத்ததை அக்கணமே தட்டலாம். தட்டும்போதே அப்பாலுள்ளவர் ஒவ்வோர் எழுத்தாகக் காணலாம். பிழை வந்தால் அவர் அறிவு அதைத் திருத்தும். பிழைக்கு இடமுண்டு, ஆதலால் மனிதனுக்கும் இடமுண்டு.

உழவர் மகன் ஒருவர் வகுத்த ஐந்து துடிப்புகள் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டன. அவற்றாற் பொருளீட்டிய நிறுவனங்கள் வேறு வழி சென்றன. அவற்றைப் போருக்குப் பயன்படுத்திய அரசு அழிந்தது. களஞ்சிய மூலையிலிருந்து அவற்றை எடுத்துத் துடைத்து, எண்ணெயிட்டு, சட்டத்தின் அனுமதிக்குக் காத்திருந்து, கடல் கடந்த நண்பனுக்கு ஒரு வாழ்த்தெழுதப் பயன்படுத்தியவர்கள் கையில் அவை உயிரோடு இருக்கின்றன. அடுத்த முறை சிற்றலையில் அவ்விரு சுரமும் கேட்கும்போது, குமிழை அப்பால் திருப்புமுன் ஒரு கணம் பொறுத்திருத்தல் தகும். அங்கே ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.